கதவுக்கு மேலே ஒன்றுமில்லாத கார்கள்

துணிக்கூரை போட்ட எம்ஜிஏ காரின் கதவை வெளியிலிருந்து திறக்கக் கைப்பிடி கிடையாது. பூட்டும் கிடையாது. கதவின் மேல்விளிம்பைத் தாண்டிக் கையை உள்ளே விட்டு, அங்கே ஓடும் கயிற்றைத் தடவிப் பிடித்து இழுத்தால் கதவு திறந்துகொள்ளும். 1955-ல் இங்கிலாந்தின் அபிங்டன் தொழிற்சாலையிலிருந்து வந்த கார் அது. 1962 வரை ஒரு லட்சத்துக்குச் சற்று மேல் செய்தார்கள். பெரும்பாலானவை கடல் தாண்டிப் போயின. துணிக்கூரை போட்ட எம்ஜிஏ எதிலும் கதவுக்குள் கண்ணாடி இல்லை. கதவுக்கு மேலே எதுவுமே இல்லாதபோது வெளியில் ஒரு கைப்பிடி எதற்கு என்று நினைத்திருக்கிறார்கள். முதன்முறை அந்தக் கயிற்றை இழுத்தபோது எனக்கு அதுவே சரியாகப் பட்டது. இன்றும் அப்படித்தான் படுகிறது.

அபிங்டனுக்குப் பக்கத்தில், பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களைச் செப்பனிடும் ஒரு சின்னப் பட்டறையில் சில ஆண்டுகள் வேலை பார்த்தேன். நான் போனபோது எம்ஜி தொழிற்சாலை மூடி வெகுகாலம் ஆகியிருந்தது. 1980 அக்டோபரில் மூடிவிட்டார்கள். ஆனால் சுற்றுவட்டாரத்தில் பாதிப் பேர் வீட்டில் ஏதாவது ஒரு எம்ஜி துணி போர்த்தி நின்றது. இன்ஜினும் கியர்பாக்ஸும் மற்றவர்கள் கைக்குப் போயின. கண்ணாடி, ரப்பர் பீடிங், ஹூட் துணி, கதவின் உள்வேலை ஆகியவை என்னிடம் வந்தன. அதனால் அந்தக் கார்களை நான் பார்த்த பார்வையே வேறு. எத்தனை குதிரைசக்தி என்று மற்றவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது, ஓட்டுபவருக்கும் வெளிக்காற்றுக்கும் நடுவில் இந்த வண்டி என்ன வைத்திருக்கிறது என்றுதான் என் கண் போகும்.

இப்போது கோவையில் இருக்கிறேன். என் காரில் பொத்தானைத் தொட்டால் நான்கு கண்ணாடியும் ஏறி உட்கார்ந்துவிடும். உள்ளே ஏசி. அவிநாசி சாலையில் மேம்பாலத்துக்கடியில் நின்றுகொண்டிருக்கும்போது, பக்கத்து வண்டிக்காரர் வாயசைவது தெரியும், பேசுவது கேட்காது. அந்த நேரங்களில்தான் எனக்கு அபிங்டன் நினைவு வந்து அகலாமல் உட்கார்ந்துகொள்கிறது.

மழை வந்தால் அந்த எம்ஜிஏ-வில் என்ன செய்வார்கள் என்று இங்கே எல்லோரும் கேட்கிறார்கள். அதற்குத்தான் சைடு ஸ்கிரீன் இருந்தது. ஒரு உலோகச் சட்டம், நடுவில் பார்ப்பதற்கு பெர்ஸ்பெக்ஸ் தகடு. இன்னும் பழைய வண்டிகளில் சட்டத்தைச் சுற்றித் துணி தைத்து, தகட்டுக்குப் பதில் செல்லுலாய்ட் வைத்திருப்பார்கள். சீட்டுக்குப் பின்னால் பையில் கிடக்கும். வானம் கறுத்தால் வண்டியை ஓரங்கட்டி, பையிலிருந்து எடுத்து, சட்டத்தைக் கதவில் பொருத்தித் திருகி இறுக்க வேண்டும். வலப்பக்கத்துக்கு ஒன்று, இடப்பக்கத்துக்கு ஒன்று. மாற்றிப் போட முடியாது. பிறகு ஹூட் துணியை இழுத்து முன் கண்ணாடிச் சட்டத்தில் மாட்ட வேண்டும். பழகியவர்கள் தூறல் மழையாவதற்குள் முடித்துவிடுவார்கள்.

அந்த ஸ்கிரீனின் அடிப்பகுதியில் ஒரு மடிப்புக் கதவு இருக்கும். முழங்கை அளவுக்குத் திறக்கும். திருப்பத்தில் கையை வெளியே நீட்டிச் சைகை காட்டுவதற்காக வைத்தது அது; இன்டிகேட்டர் எல்லா வண்டிக்கும் வராத காலம். எல்லாம் மூடியபின் வெளியிலிருந்து கதவைத் திறக்கவும் அதே வழிதான். கையை மடிப்புக்குள் நுழைத்துக் கயிற்றைத் தேட வேண்டும். ஒரு வாடிக்கையாளர் தன் எம்ஜிஏ-வை ஆக்ஸ்ஃபோர்டு தெருவில் விட்டுவிட்டுப் போவார். யார் வேண்டுமானாலும் கையை விட்டுத் திறக்கலாம். அது அவருக்குப் பெரிய விஷயமாகவே இல்லை. விலையுயர்ந்த எதையும் உள்ளே வைப்பதில்லை, அவ்வளவுதான்.

செல்லுலாய்டுக்கு ஆயுள் குறைவு. வெயிலில் மஞ்சளாகும், மடித்த இடத்தில் கீறும். பெர்ஸ்பெக்ஸ் அதைவிட எவ்வளவோ மேல். போர்க்காலத்தில் ஸ்பிட்ஃபயர் விமானத்தின் விமானி தலைக்கு மேல் கவிழ்ந்திருந்த கூண்டு அதே பொருளில் ஆனதுதான். ஆனால் பெர்ஸ்பெக்ஸும் கீறல் விழும். ஸ்கிரீன்கள் இரண்டையும் நடுவில் துணி வைக்காமல் ஒன்றன்மேல் ஒன்றாகப் பையில் திணித்துவிட்டால், அடுத்த மழையில் எதிர்வரும் விளக்குகள் எல்லாம் நூல்நூலாகப் பிரிந்து தெரியும். வாரக்கணக்கில் அந்தக் கீறல்களை மெருகுப் பசை போட்டுத் தேய்த்துக் கழித்திருக்கிறேன். சலிப்பான வேலை என்று அப்போதும் தோன்றியதில்லை. தேய்த்துத் தேய்த்து வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்க்கும்போது, தகட்டின் நடுவில் முதலில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத் தெளியும். பிறகு அது விரிந்துகொண்டே போகும்.

எம்ஜிஏ-வுக்கு முந்தைய டி வரிசைக் கார்கள் இன்னும் ஒருபடி மேலே. எம்ஜி டிசி போர் முடிந்த 1945-ல் வந்தது, 1949 வரை சுமார் 10,000 கார்கள். நேராக நிற்கும் தட்டையான முன் கண்ணாடி. இரண்டு ஓரத்திலும் காது வைத்த திருகு. அவற்றைத் தளர்த்தினால் கண்ணாடி முழுவதும் முன்பக்கமாகச் சாய்ந்து, பானெட்டுக்குப் பின்னால் உள்ள மேடைமேல் படுத்துக்கொள்ளும். அப்புறம் உங்கள் முகத்துக்கு நேராக எதுவுமில்லை. காற்று கண்ணில் அடிக்கும். கண்ணாடிக் கவசம் போட்டுக்கொள்ள வேண்டும். அதையும் தாங்காதவர்கள், உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய இரண்டு சிறு கண்ணாடிகளைத் தனியாக மாட்டிக்கொள்வார்கள். ஏரோ ஸ்கிரீன் என்று பெயர். பந்தய மைதானத்தில் வழக்கமாக இருந்தது தெருவுக்கு வந்த கதை. டிசி-யில் அந்த முன் கண்ணாடியைப் படுக்கப்போட்டு மே மாதத்தில் கிராமத்துச் சாலையில் போனவர்களுக்கு நான் சொல்வது புரியும். வேலியோரத்தில் பூத்திருக்கும் ஹாதார்ன் வாசனை முதலில் வரும், செடி பிறகுதான் கண்ணில் படும்.

கதவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தக் கார்களின் கண்ணாடிக் கதை உண்மையில் கதவுக் கதைதான். கண்ணாடியைக் கதவுக்குள் இறக்கி ஏற்ற வேண்டுமென்றால், உள்ளே அது இறங்க இடம் வேண்டும், ஏற்றும் பொறி வேண்டும், அது ஓடத் தண்டவாளம் வேண்டும். கதவு தடிக்கும். மேல்விளிம்பு உயரும். சைடு ஸ்கிரீன் காலத்தில் இந்தக் கட்டாயம் எதுவும் இல்லை. அதனால் கதவை எப்படி வேண்டுமானாலும் வெட்டினார்கள். 1953-ல் வந்த டிரையம்ஃப் டிஆர்2-வின் கதவு நடுவில் ஆழமாக வளைந்து இறங்கியிருக்கும். உட்கார்ந்தபடி கையைத் தொங்கவிட்டால் சாலை எட்டிவிடும்போல இருக்கும். டிசி-யிலும் அதே வெட்டு. முழங்கை தானாக அதன்மேல் போய் உட்காரும். திண்ணையில் இருப்பவர் வீட்டுக்குள்ளும் இல்லாமல் தெருவிலும் இல்லாமல் இரண்டுக்கும் பொதுவாக இருப்பாரே, அந்த இடம் அது.

1958-ல் வந்த ஆஸ்டின்-ஹீலி ஸ்பிரைட் சின்னக் கார். விளக்குகள் இரண்டும் பானெட்டின்மேல் துருத்திக்கொண்டிருப்பதால் தவளைக்கண் என்று ஊரே கூப்பிட்டது. டிக்கிக்கு வெளியில் மூடி இல்லை. சீட்டைச் சாய்த்து உள்ளே கையை விட்டுத்தான் சாமானை எடுக்க வேண்டும். கதவில் கண்ணாடி இல்லை என்பதால் கதவின் உள்ளே முழுக்கக் காலியிடம். அந்த இடத்தை அப்படியே பையாக விட்டுவிட்டார்கள். வரைபடம், ரொட்டி, கையுறை, தெர்மாஸ் எல்லாம் அதற்குள் போகும். அந்தக் கதவுக்குள் முழங்கையை நுழைத்துக்கொண்டு ஓட்டலாம். அவ்வளவு சிறிய காரில் தோளுக்கு இவ்வளவு இடம் எப்படி என்று முதல்முறை உட்கார்ந்தவர்கள் ஆச்சரியப்படுவார்கள். 1964-ல் ஸ்பிரைட்டுக்கும் அதன் இரட்டையான எம்ஜி மிட்ஜெட்டுக்கும் சுற்றி ஏற்றும் கண்ணாடி கொடுத்தார்கள். அன்றே அந்தப் பை போயிற்று, தோள் இடமும் குறைந்தது. கூடவே வெளிக் கைப்பிடியும் பூட்டும் வந்தன. கண்ணாடி இருந்தால் பூட்டு வேண்டும்.

இந்த மாற்றம் ஏன் வந்தது என்பதில் ரகசியம் ஒன்றுமில்லை. கார்கள் பெரும்பாலும் அமெரிக்காவுக்குப் போயின. அங்கே வாங்குபவர் நெடுந்தூரம் ஓட்டுபவர். மழையில் வண்டியை நிறுத்தி, இறங்கி, சட்டத்தைத் தேடித் திருகிக்கொண்டிருக்க அவருக்கு மனமில்லை. 1959-ல் சன்பீம் ஆல்பைன் முதல் நாளிலிருந்தே சுற்றி ஏற்றும் கண்ணாடியோடு வந்தது. ‘டாக்டர் நோ’ படத்தில் ஜேம்ஸ் பாண்ட் ஓட்டுவாரே, அந்தக் கார். அதன் பக்கத்தில் எம்ஜிஏ-வும் டிஆர்3-யும் ஒரே நாளில் பழசாகிவிட்டன. பிறகு வரிசையாக எல்லோரும் இறங்கினார்கள். 1961-ல் டிரையம்ஃப் டிஆர்4. 1962-ல் எம்ஜிபி, டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர், பெரிய ஹீலி 3000-ன் புதிய வடிவம். ஐந்தே ஆண்டில் இங்கிலாந்தின் ஸ்போர்ட்ஸ் கார் தன் கதவுக்குள் கண்ணாடியை வாங்கிக்கொண்டது.

அதை நான் குறைசொல்லவில்லை. குளிர்காலத்தில் சைடு ஸ்கிரீன் போட்ட எம்ஜிஏ-வில் போயிருக்கிறேன். ஹீட்டர் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டிய பொருள் அதில். ஸ்கிரீனுக்கும் ஹூட்டுக்கும் நடுவில் ஊசி நுழையும் இடைவெளி எங்கோ ஒன்று இருந்தே தீரும், அதன் வழியாக ஒரு சொட்டு சரியாகத் தொடைமேல் விழும். உள்ளே மூச்சுக்காற்றில் தகடு மங்கும். ஆனாலும் ஒரு விஷயத்தை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அந்தக் கார்கள் திறந்தவையாகப் பிறந்தன. மூடுவது என்பது தேவை வந்தபோது கையால் செய்துகொண்ட ஏற்பாடு. மழை விட்டதும் கழற்றிப் பையில் வைத்துவிட்டு, வண்டி தன் இயல்புக்குத் திரும்பும். பின்னால் வந்தவை மூடியவையாகப் பிறந்தன. கண்ணாடியை இறக்குவதுதான் அவற்றில் தனியாகச் செய்ய வேண்டிய காரியம். இந்த இடமாற்றத்தில் என்ன போயிற்று என்பதை இரண்டு வண்டியிலும் ஒரே சாலையில் போனால் ஒரு மணி நேரத்தில் தெரிந்துகொள்ளலாம். எம்ஜிஏ-வில் சிக்னலில் நின்றால் நடைபாதையில் போகிறவர் சாதாரணமாகப் பேச்சுக் கொடுப்பார். எந்த வருடத்து வண்டி, என் மாமாவிடம் ஒன்று இருந்தது, என்று ஆரம்பித்துவிடுவார். அதே தெருவில் எம்ஜிபி-யில் கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு நின்றாலும் பேச்சு அவ்வளவு வராது.

தட்டைக் கண்ணாடிக்கும் வளைந்த கண்ணாடிக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு வேலையில்தான் பிடிபட்டது. ஜாகுவார் எக்ஸ்கே120 1948-ல் வந்தபோது அதன் முன் கண்ணாடி இரண்டு துண்டு. நடுவில் ஒரு தண்டு, இருபுறமும் தட்டையான இரண்டு கண்ணாடிகள், மேலிருந்து பார்த்தால் அம்புமுனை. கழற்றிவிடலாம். 1949 மே மாதம் பெல்ஜியத்தின் யாபெக்கெ நெடுஞ்சாலையில் அந்தக் காரை ஓட்டிக் காட்டினார்கள். ஹூட்டும் சைடு ஸ்கிரீனும் போட்டு ஓடியபோது மணிக்கு 126 மைல். முன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அடியில் தகடு பொருத்தி ஓடியபோது 132-க்கும் மேல். உலகத்தின் அதிவேக உற்பத்திக் கார் என்ற பெயர் அன்றுதான் அதற்கு வந்தது. அதற்கடுத்த எக்ஸ்கே140-யிலும் பிளந்த கண்ணாடிதான். 1957-ல் எக்ஸ்கே150 வந்தபோது ஒரே துண்டாக, ஓரங்களில் வளைந்த கண்ணாடி வந்தது.

எக்ஸ்கே120-ன் கண்ணாடி உடைந்தால் பயமில்லை. அட்டையில் அளவெடுத்துக்கொண்டு ஊரில் உள்ள கண்ணாடிக் கடைக்குப் போகலாம். லேமினேட்டட் தகட்டில் அதே வடிவத்தில் வெட்டி, ஓரம் தேய்த்துத் தந்துவிடுவார்கள். டிசி-க்கும் அப்படித்தான், மார்கனுக்கும் அப்படித்தான். எக்ஸ்கே150-ன் கண்ணாடி உடைந்தால் அதை அச்சில் வளைத்தவர்கள் தந்தால்தான் உண்டு. தட்டைக் கண்ணாடி இருக்கும்வரை கார் அந்த ஊருக்குச் சொந்தம். கண்ணாடி வளைந்த நாளில் அது தொலைவிலுள்ள ஒரு தொழிற்சாலையை நம்பியிருக்க ஆரம்பித்தது. ஓட்டத்தில் வளைந்த கண்ணாடி மேல் என்பதை ஒப்புக்கொள்கிறேன். நடுத்தண்டு இல்லாமல் சாலை முழுசாகத் தெரிகிறது. ஆனாலும் பட்டறைக்குள் ஒரு எக்ஸ்கே120 வந்து நின்றால் என் பார்வை முதலில் அந்த நடுத்தண்டுக்குத்தான் போகும்.

கண்ணாடியின் மூலையில் ‘டிரிப்ளெக்ஸ்’ முத்திரை இருக்கும். அந்த எழுத்துகளுக்கு மேலும் கீழும் சின்னச் சின்னப் புள்ளிகள். தெரியாதவர்கள் அழுக்கு என்று நினைப்பார்கள். எந்த வருடம், எந்தக் காலாண்டில் செய்தது என்று அந்தப் புள்ளிகள் சொல்லும். வண்டியோடு பிறந்த கண்ணாடியா, பின்னால் மாற்றியதா என்று அதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். கழுவிக்கொண்டிருக்கும்போது அந்தப் புள்ளிகள் வண்டியின் வயதோடு பொருந்திவிட்டால் வேலையை நிறுத்திவிட்டு இன்னொருவரைக் கூப்பிட்டுக் காட்டுவோம். அத்தனை வருடத்துக் கல்லும் பனியும் தாண்டி அந்தத் துண்டு தப்பியிருக்கிறது. இரண்டு கண்ணாடிக்கு நடுவில் மெல்லிய படலம் வைத்து ஒட்டும் யோசனைக்கு 1909-ல் காப்புரிமை வாங்கியவர் எதுவார் பெனடிக்டஸ் என்ற பிரெஞ்சு வேதியியலாளர். அந்தக் கண்ணாடி உடைந்தாலும் துண்டுகள் படலத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்துக் கடினமாக்கிய கண்ணாடி வேறு வகை. அதில் ஒரு கல் பட்டால் முழுப் பரப்பும் ஒரே நொடியில் வெள்ளையாகிவிடும், எதிரே ஒன்றும் தெரியாது. அப்படி ஆனால் முஷ்டியால் குத்தி ஓட்டை போட்டுக்கொண்டு ஓட்டியதாகப் பழைய ஆட்கள் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

எம்ஜிபி ஜிடி-க்கு முன் கண்ணாடி மாட்டுவது எப்படி என்று அங்கே கற்றுக்கொடுத்தவர் அபிங்டன்காரர், அந்தப் பகுதியிலேயே வேலை பார்த்து முடி நரைத்தவர். முதலில் கண்ணாடியைச் சுற்றி ரப்பர் பீடிங்கைப் போட வேண்டும். பீடிங்கின் உள்பள்ளத்தில் கெட்டியான கயிறு ஒன்றைச் சுற்றிலும் பதித்து, இரண்டு முனையும் அடிப்பக்கம் நடுவில் ஒன்றையொன்று தாண்டித் தொங்கும்படி விட வேண்டும். பள்ளத்தில் பாத்திரம் கழுவும் சோப்பு நீர். பிறகு இருவர் தூக்கி, காரின் திறப்பில் கண்ணாடியைச் சாத்திப் பிடிப்பார்கள். ஒருவர் உள்ளே உட்கார்ந்து கயிற்றின் ஒரு முனையை மெல்ல இழுப்பார். கயிறு வெளியே வரவர, பீடிங்கின் உதடு தகரத்தின் விளிம்பைத் தாண்டி உள்பக்கம் வந்து கவ்விக்கொள்ளும். வெளியில் இருப்பவர் அதே இடத்தில், அதே நேரத்தில் உள்ளங்கையால் தட்டிக்கொண்டே வர வேண்டும். மூலை வந்ததும் இழுப்பவர் நிற்பார். தட்டுபவர் இரண்டு தட்டு கூடுதலாகத் தட்டுவார். அவசரப்பட்டால் கண்ணாடி முறுகும். முறுகினால் மூலையிலிருந்து ஒரு கோடு ஓடும், அதோடு சரி. நான் உள்ளே, அவர் வெளியே. எங்களுக்கு நடுவில் அந்தக் கண்ணாடி. பேசவே மாட்டோம். அவர் தட்டும் சத்தத்தை வைத்தே எப்போது இழுக்கலாம் என்று தெரியும். கடைசியில் கயிறு முழுவதும் என் கைக்கு வந்து சேரும்போது அவர் வெளியிலிருந்து ஒருமுறை சுற்றிலும் விரலோட்டிப் பார்த்துவிட்டுத் தலையசைப்பார். இன்று முன் கண்ணாடியைப் பசையால் ஒட்டுகிறார்கள். அது உறுதியானது, காரின் உடலுக்கே பலம் சேர்ப்பது. அந்தக் கயிறு இழுக்கும் வேலைக்காக மட்டும் யாராவது கூப்பிட்டால் நாளைக்கே கிளம்பிவிடுவேன்.

எம்ஜிபி-யின் கூரை இல்லாத வடிவத்தில் முன் கண்ணாடி குட்டையாக இருக்கும். உயரமானவர்களுக்கு மேல்சட்டம் நேராகக் கண்மட்டத்தில் வரும். 1965-ல் பினின்ஃபரீனா கைபட்டு ஜிடி வடிவம் வந்தபோது கண்ணாடியை உயர்த்தினார்கள், அந்தக் கூரைக்கோடு அழகாக அமைந்ததற்கு அதுவும் காரணம். ஜாகுவார் இ-டைப்பில் கண்ணாடி குட்டை, ஆனால் அகலம் அதிகம். அதைத் துடைக்க இரண்டு வைப்பர் போதாமல் மூன்று வைத்தார்கள். பின்னால் அமெரிக்காவின் பாதுகாப்பு விதிகள் வந்து, கண்ணாடியில் இவ்வளவு பரப்பைத் துடைத்தாக வேண்டும் என்றதும், அங்கே போகும் எம்ஜிபி-க்கும் மூன்றாவது வைப்பர் முளைத்தது. இ-டைப் அதே விதிகளால் இன்னொன்றை இழந்தது. முதலில் வந்த கார்களில் விளக்குகளுக்கு மேலே உடலோடு வழிந்து மூடிய கண்ணாடி இருக்கும். 1967-க்குப் பிறகு அது இல்லை. அந்த விளக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து, விரலுக்கு எங்கே தகரம் முடிந்து கண்ணாடி தொடங்குகிறது என்று தெரியாத அளவுக்குப் பொருத்தியிருக்கிறேன். அது இல்லாத இ-டைப்பை என்னால் ரசிக்க முடிந்ததில்லை.

லோட்டஸ்காரர்கள் தனிப்பிறவிகள். 1957-ல் காட்டிய எலைட்டின் கதவு அவ்வளவு வளைவு. கண்ணாடியும் அதே வளைவில் இருந்ததால் கதவுக்குள் இறங்க வழியில்லை. காற்று வேண்டுமென்றால் கண்ணாடியை மொத்தமாகக் கழற்றி, சீட்டுக்குப் பின்னாலுள்ள பையில் செருகிவிட வேண்டும்! காற்றைக் கிழித்துப் போகும் அந்த உருவத்துக்காக அப்படி ஒரு ஏற்பாட்டைத் துணிந்து செய்தார்கள். 1962-ல் வந்த எலானில் சுற்றும் கைப்பிடியே கிடையாது. கண்ணாடியின் மேல்விளிம்பைப் பிடித்துக் கையால் தூக்கினால் மேலே வரும், அமுக்கினால் கீழே போகும். 1966-ன் யூரோப்பாவில் பக்கக் கண்ணாடி அசையவே அசையாது. ஒரே நிறுவனம், பத்து ஆண்டுக்குள் மூன்று கார், மூன்று விதம். ஒவ்வொன்றையும் புதிதாக யோசித்திருக்கிறார்கள். இன்று எந்த நிறுவனத்தின் காரில் ஏறினாலும் கை எங்கே போக வேண்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு தெரிகிறது. எனக்கு அது இழப்பு.

டிஆர்4-ஐப் பற்றி ஒரு வார்த்தை. அதைக் கோடு போட்டவர் இத்தாலியரான மிக்கெலொட்டி. பின்பக்கம் அலுமினியச் சட்டத்தில் நிலையான ஒரு கண்ணாடி, தலைக்கு மேல் மட்டும் கழற்றக்கூடிய கூரை என்று விருப்பத் தேர்வாக ஒன்று கொடுத்தார்கள். போர்ஷேயின் டார்கா வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே. அதே மிக்கெலொட்டிதான் ஸ்பிட்ஃபயரையும், அதற்கு அடிச்சட்டம் கொடுத்த டிரையம்ஃப் ஹெரால்டையும் வரைந்தார். அந்த ஹெரால்டுதான் 1961 முதல் மதராஸில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனத்தில் ‘ஸ்டாண்டர்டு ஹெரால்டு’ என்ற பெயரில் உருவானது. என் பெரியப்பாவிடம் ஒன்று இருந்தது. முன்கதவில், பெரிய கண்ணாடிக்கு முன்னால் ஒரு முக்கோணக் கண்ணாடி. சின்னத் தாழ்ப்பாளை நீக்கித் தள்ளினால் அச்சில் சுழன்று திறக்கும். முன்பக்கத்து முனை உள்ளே, பின்பக்கத்து முனை வெளியே. இன்னும் கொஞ்சம் திருப்பினால் காற்றை அள்ளி நேராக முகத்தில் போடும். சித்திரை வெயிலில் அந்த முக்கோணம்தான் எங்களுக்கு ஏசி. அதன் பக்கத்தில் உட்காரும் இடத்துக்கு எப்போதும் சண்டை. வருடங்கள் கழித்து அபிங்டனில் எம்ஜிபி-யின் முக்கோணக் கண்ணாடிக்குப் புது ரப்பர் போட்டுத் தாழ்ப்பாளைச் சுழற்றியபோது, விரலுக்கு அது ஏற்கெனவே தெரிந்த வேலையாக இருந்தது. டாஷ்போர்டிலேயே காற்றுத் துவாரம் வைத்தால் முக்கோணம் வேண்டாம் என்று டிஆர்4 அப்போதே சொல்லிவிட்டது. பிறகு எல்லாக் கார்களும் அந்த வழிக்குப் போய்விட்டன. திருடர்கள் அந்தத் தாழ்ப்பாளைத்தான் முதலில் நெம்புவார்கள் என்பதும் உண்மை. இருந்தாலும் காற்று எந்தக் கோணத்தில் வேண்டும் என்று இரண்டு விரலால் தீர்மானித்த சுகம், துவாரத்துப் பல்லைத் திருப்புவதில் எனக்குக் கிடைக்கவில்லை.

மால்வெர்ன் லிங்க்கில் மார்கன் கார்கள் இன்னும் உருவாகின்றன. மலையடிவாரத்தில் செங்கல் கொட்டகைகள், உள்ளே மரச்சட்டம் இழைக்கும் வாசனை. தட்டையான, நேராக நிற்கும் முன் கண்ணாடி, மூன்று குட்டி வைப்பர், கழற்றக்கூடிய சைடு ஸ்கிரீன் என்று தலைமுறை தலைமுறையாக அவர்கள் விடாமல் வைத்திருந்தார்கள். ஸ்கிரீனில் இரண்டு தகடுகள், ஒன்றன்மேல் ஒன்றாகத் தள்ளித் திறப்பது. புதிதாக வாங்குகிறவர் அதைக் கையில் எடுத்துத் திருகி மாட்டும்போது அவர் முகத்தில் வரும் தீவிரத்தைப் பார்த்திருக்கிறேன். யாரும் குறைசொல்லி நான் கேட்டதில்லை. கண்ணாடி ஏறும் கார் வேண்டுமென்றால் ஊர் முழுக்க இருக்கிறது, அவர்கள் அதற்காக மால்வெர்னுக்கு வரவில்லை.

திரும்பவும் போக வேண்டும் என்று ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் வந்தால் மனசு அடித்துக்கொள்கிறது. பட்டறை இன்னும் நடக்கிறது. டிசி ஒன்று கிடைத்தால் போதும். சைடு ஸ்கிரீனைப் பட்டறையிலேயே வைத்துவிட்டு, முன் கண்ணாடியைப் படுக்கப்போட்டு, அபிங்டனிலிருந்து மார்ச்சம் வழியாக கிங்ஸ்டன் பாக்பியூஸ் போய், அங்கிருந்து ஃபாரிங்டன் சாலையில் திரும்ப வேண்டும். மழை வந்தால் நனைந்துகொள்ளலாம்.